சூடு போக ஒரு வழி

பினாங்கில் ஒரு பழைய லாஞ்சுப் படகின் கேபினுக்கு ஏர்கண்டிஷன் பெட்டி வைக்கப் போய்த்தான் என் கணவர் கழுத்தை முறித்துக்கொண்டார். இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பதா, ஐயோ என்பதா என்று தெரியாமல் ஒரு நொடி விழிப்பார்கள். அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். கழுத்துக்குக் கீழே ஒன்றும் அசையாது, வாய் மட்டும் பழையபடி இருந்தது. அந்த வாயை வைத்துக்கொண்டுதான் நான் அந்த வருஷங்களை ஓட்டினேன்.

கல்யாணமான கையோடு ஆண்கள் கப்பலேறிப் போய்க் கடையில் இருந்துவிட்டு வருவது எங்கள் வீடுகளில் பழைய வழக்கம். அறுபதுகளில் அது தேய்ந்து ஓய்ந்துகொண்டிருந்தது. இவர் கடைசி வண்டியை ஓடிப்போய்ப் பிடித்தவர். பிள்ளை குட்டி எல்லாம் திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வரத்தான் செய்தார், கட்டிலோடு.

அங்கே இவருடைய முதலாளி ஒரு பழைய மோட்டார் லாஞ்சை வாங்கியிருந்தார். வியாபாரிகளைத் தீவிலிருந்து அக்கரைக்குக் கூட்டிப் போவதற்காம். கேபின் சின்னது. மேலே தகரம், உள்ளே மரப்பலகை, நண்பகலில் உட்கார முடியாது. ஏர்கண்டிஷன் வைத்துவிடு என்று வேலையை இவர் தலையில் கட்டினார் முதலாளி. அந்தப் பெட்டிக்கு முன்பக்கம் குளிர் வரும், பின்பக்கம் சூடு போகும். கேபினுக்குப் பின்னால் லாஞ்சு ஓட்டுகிற ஆட்கள் படுக்கிற சின்ன இடுக்கு இருந்தது. சூடெல்லாம் அங்கே போனது. அவர்கள் வாய் திறக்காமல் பாயைச் சுருட்டிக்கொண்டு வெளியே போய்ப் படுத்தார்களாம். இவருக்கு அது பொறுக்கவில்லை. சூட்டை மேல்வழியாக வெளியே விட முடியுமா என்று பார்க்கக் கேபின் கூரைமேல் ஏறினார். இறங்கும்போது ஈரத்தில் கால் வழுக்கியது. படகுத்துறையின் கட்டைமேல் பிடரி அடிபட விழுந்தார்.

“குளுரு எங்கிட்டு வரும்னு எல்லாரும் பாத்தாக. சூடு எங்கிட்டுப் போகும்னு நான் ஒருத்தன்தான் பாத்தேன்” என்பார். பெருமையாகச் சொல்கிறாரா, நொந்து சொல்கிறாரா என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

நாகப்பட்டினத்தில் கப்பலிலிருந்து இறக்கி, மதுரை ஆஸ்பத்திரியில் பல மாதம் வைத்திருந்து, நேமத்தான்பட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வருவதற்கு முன்னால் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவருக்குக் கழுத்துக்குக் கீழே வேர்க்காது என்றார். நான் பைத்தியக்காரி, அதை நல்ல சேதி என்று நினைத்தேன். நம் ஊர் வெயிலில் வேர்க்காத உடம்பு கிடைப்பது வரம் அல்லவா? டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பில் ஏறுகிற சூடு வேர்வையோடுதான் வெளியேறுமாம். இவருக்கு அந்த வழி அடைத்துப்போய்விட்டது. வெயில் காலத்தில் ஏறிய சூடு உள்ளேயே நிற்கும், குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளாவிட்டால் அதுவே ஆளைக் கொண்டுபோய்விடும் என்றார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டி ஜன்னலில் வெயிலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதுவரை வெயிலை நான் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

முதல் கோடையை எப்படித் தாண்டினோம் என்று இப்போதும் எனக்கு விளங்கவில்லை. காரைக்குடியிலிருந்து ஐஸ் கட்டியைச் சாக்கில் மரத்தூள் போட்டுச் சுற்றி பஸ்ஸில் ஏற்றி அனுப்புவார்கள். வந்து சேரும்போது பாதி தண்ணீராகியிருக்கும். அதை அண்டாவில் போட்டு, எதிரே மின்விசிறியை வைத்து, அவர் மேல் ஈரத் துணியைப் போர்த்தி, காய்ந்ததும் மறுபடி நனைத்துப் போர்த்துவேன். அக்கினி நட்சத்திரம் பிறந்த ஒரு பகலில் பஸ் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, கடை திறந்தாச்சா என்று கேட்டார். பிறகு யாரோ சீனக்காரரோடு பேச ஆரம்பித்தார். கிணற்றுத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றித்தான் அன்றைக்கு ஆளை மீட்டோம். மறுநாளே குன்றக்குடிக்குப் படியேறிப் போய், மழையைக் கொடு, முடியாவிட்டால் ஏர்கண்டிஷன் பெட்டியையாவது கொடு என்று முருகனிடம் சண்டை போட்டுவிட்டு வந்தேன். மழையைக் கொடுக்கவில்லை.

பெட்டி வந்தது. சென்னையில் இருந்த என் அண்ணன், ஏதோ ஓர் அலுவலகத்தில் கழற்றிப் போட்டிருந்த பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்து லாரியில் அனுப்பினார். அடுத்த கோடைக்கு இன்னும் நாள் இருந்தது. மாட்டுவண்டியிலிருந்து அதை இறக்கிய ஆட்கள், இதற்குள் என்ன அம்மிக்கல்லா இருக்கிறது என்று கேட்டார்கள். முகப்பில் இறக்கி வைத்ததும் எனக்கு உயிர் வந்தது. இனி சுவரில் ஓர் ஓட்டை போட்டு மாட்டிவிட வேண்டியதுதானே என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஓட்டை போடுவது அவ்வளவு சுலபமாக இருந்திருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன். அந்த வீடு ஒருவருடையது அல்ல. வளவு என்று நாங்கள் சொல்லும் நடு முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் எல்லாப் பங்காளிகளுக்கும் பொது. அதைச் சுற்றி, கல்யாணமான ஒவ்வோர் ஆணுக்கும் உள்ளறை ஒன்று, வெளியறை ஒன்று. எங்கள் பங்குக்கு வந்த உள்ளறை சின்னது. லாஞ்சு கேபின் மாதிரியே இருக்கிறது, குளிர் நிற்கும் என்று அவர் சொன்னார். ஆனால் அந்த அறையின் பின்சுவர் பக்கத்து வீட்டுச் சுவரோடு ஒட்டியிருந்தது. ஒரு பக்கச் சுவருக்கு அந்தப்புறம் முன்னோர்களுக்குப் படைக்கிற அறை. அதில் கைவைக்கப் பங்காளிகள் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள், நானே சம்மதிக்க மாட்டேன். இன்னொரு பக்கம் எங்கள் வெளியறை. மிச்சம் இருந்தது வளவைப் பார்த்த சுவர் ஒன்றுதான். அதை உடைத்தால் சூடு நேரே தாழ்வாரத்துக்கு, பெரிய அயித்தையின் தூணடிக்குப் போகும்.

பெரிய அயித்தை என் மாமனாரின் அண்ணன் மனைவி. மற்றப் பங்காளிகள் அறைகளைப் பூட்டிக்கொண்டு சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்ட பிறகு அந்தப் பெரிய வீட்டில் நாங்கள் இரண்டு குடும்பம்தான். குடும்பம் என்றால், அவர் ஒரு தனி ஆள். அவருடைய கணவர் பர்மாவில் கடை வைத்திருந்தவர். யுத்தத்தின்போது, நடந்தே ஊர் திரும்பிய கூட்டத்தோடு அவரும் கிளம்பினார் என்று சேதி வந்தது. அதற்குப் பிறகு சேதியே இல்லை. இறந்தார் என்று யாரும் சொல்லாததால் பெரிய அயித்தை பொட்டை அழிக்கவில்லை. காலையில் குளித்து, குங்குமம் வைத்து, அந்தத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். எங்கள் வீடுகளில் நிலைக்கதவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்க்கோட்டில் இருக்கும். அந்தத் தூணடியிலிருந்து பார்த்தால் முகப்பைத் தாண்டித் தெருவாசல் வரை தெரியும். இருபது வருஷத்துக்கு மேலாக அவர் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் போய்க் கேட்டேன். பணிவாகத்தான் கேட்டேன், என் நாக்குக்கு அது பழக்கமில்லாவிட்டாலும். அவர் வெற்றிலையைத் துடைப்பதை நிறுத்தவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

“அது அவுக வர்ற பாதைக்கு நேரா இருக்குத்தா. அங்குட்டு நெருப்பக் கொட்டாதீக” என்றார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எந்தக் காலத்திலோ காட்டுக்குள் காணாமல் போனவருக்குப் பாதை வேண்டுமாம், உள்ளே உயிரோடு கிடக்கிறவருக்குச் சுவர்கூடக் கிடையாதாம். பல்லைக் கடித்துக்கொண்டு அறைக்கு வந்து இவரிடம் கொட்டினேன். இவர் ஆறுதல் சொல்வார் என்று பார்த்தால் என்மேலேயே பாய்ந்தார். எனக்குப் பெரிய அயித்தை, இவருக்குப் பெரியாத்தா. பெரியாத்தாவிடம் போய் அதைக் கேட்க உனக்கு எப்படி மனசு வந்தது என்றார். தாயில்லாப் பிள்ளையாக இவர் வளர்ந்தபோது சோறு பிசைந்து போட்டது அந்தப் பெரியாத்தாதான். தன் குளிருக்காக இன்னொருவர் இடத்தில் சூட்டை விடுவதில்லை, அதற்குப் பேசாமல் செத்துப் போகலாம் என்றார். அன்றைக்கு முழுவதும் நான் அவரோடு பேசவில்லை. சாதத்தை ஊட்டும்போதும் பேசாமலே ஊட்டினேன்.

ஆக, எங்கள் சூட்டை நாங்களே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. உள்ளறைக்கும் வெளியறைக்கும் நடுவில் இருந்த சுவரை உடைத்துப் பெட்டியை அங்கே வைத்தோம். குளிர் உள்ளே அவருக்கு, சூடு வெளியறையில் எனக்கு. அவரவர் பங்கு அவரவர் எல்லையோடு நிற்க வேண்டும் என்பதில் எங்கள் ஆட்களுக்கு இருக்கும் கண்டிப்பு வேறு எதிலும் கிடையாது. குப்பையைக்கூடப் பங்காளி பக்கம் ஒதுக்க மாட்டோம். மதுரையிலிருந்து வந்த மெக்கானிக், வெளியறைக் கதவைத் திறந்தே வைக்க வேண்டும், சூடு வெளியே போகாவிட்டால் பெட்டி தாங்காது என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் கதவைத் திறந்தால் வெக்கை தாழ்வாரத்துக்குப் போகிறதே. சாத்து, பெரியாத்தா பக்கம் போகுது என்பார் இவர். லாஞ்சில் கூரையேறிச் சூட்டுக்கு வழி தேடிய மனிதர், சொந்த வீட்டில் மரியாதைக்காக வழியை அடைக்கச் சொன்னார்.

வெளியறை அடுப்பாகிவிட்டது. அதில் நுழைந்தால் கண் எரியும். தான் விட்ட சூட்டையே மறுபடி இழுத்து இழுத்துப் பெட்டி திணறியது. சித்திரை பிறந்த பிறகு ஒரு பகலில் அது பொட்டென்று நின்றது, குமிழை எவ்வளவு முறுக்கியும் ஓடவில்லை. நான் ஈரத் துணியை நனைத்துக்கொண்டு வருவதற்குள் அவர் கண் மேலே செருகிவிட்டது. கதவையெல்லாம் உதைத்துத் திறந்து, வீடே இடியும்படி கத்தினேன்.

பெரிய அயித்தை ஓடி வந்தார். வெளியறையைத் தாண்டும்போது அந்தச் சூடு முகத்தில் அடித்து ஒரு நொடி அப்படியே நின்றார். அதற்குள்தான் நான் இரவும் பகலும் கிடக்கிறேன் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. உள்ளே வந்து இவர் நெற்றியில் கையை வைத்தவர், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார். இவரைத் தூக்கிப் படுக்க வைக்க நாங்கள் பகலுக்கு வைத்திருந்த ஆளும் நாங்கள் இருவருமாகக் கட்டிலோடு வெளியே இழுத்து, தாழ்வாரத்தில் அந்தத் தூணடியில் போட்டுத் தண்ணீரைக் கொட்டினோம். பொழுது சாய்கிற நேரத்துக்கு அவர் கண் விழித்தார். தலையைத் திருப்பி நேரே பார்த்தார்.

“இங்குட்டு இருந்து பாத்தா வாசல் நல்லாத்தேன் தெரியுது பெரியாத்தா” என்றார்.

பெரிய அயித்தை முந்தானையால் அவர் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஈரம் காய்ந்த பிறகும்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது தூணடி காலியாக இருந்தது. பாய், வெற்றிலைப் பெட்டி, செம்பு எல்லாம் எதிர்த் தாழ்வாரத்துக்குப் போய்விட்டிருந்தன. அங்கிருந்து பார்த்தால் வாசல் தெரியாது, எங்கள் அறைச் சுவர்தான் தெரியும். மேஸ்திரியை வரச் சொல் என்றார் என்னிடம். உள்ளேயிருந்து இவர், வேண்டாம், பெரியாத்தா வெந்து போவீக என்று கத்தினார். பெரிய அயித்தை அறை வாசலில் போய் நின்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை, அன்றைக்கும் உயர்த்தவில்லை.

“வராதவுகளுக்கு வழி பாத்தது போதும்யா. இருக்குற நீ இரு” என்றார்.

இவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் கை வராது அவருக்கு. நான்தான் துடைத்துவிட்டேன்.

சுவரை உடைக்க நாலைந்து நாள் ஆனது, அதுவரை பழையபடி ஐஸும் ஈரத் துணியும்தான். சுண்ணாம்பும் செங்கலுமாக அவ்வளவு கனம், மேஸ்திரி அடிக்க அடிக்க உளிதான் மழுங்கியது. கட்டிலில் கிடந்தபடியே இவர் மேற்பார்வை பார்த்தார். அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்டியின் பக்கவாட்டிலும் காற்று இழுக்கிற துவாரங்கள் இருக்கும். கனமான சுவருக்குள் அதை அப்படியே செருகினால் அந்தத் துவாரங்கள் மூடிக்கொள்ளும். அதனால் உள்பக்கம் பெட்டி அளவுக்கும், வெளிப்பக்கம் போகப் போக அகலமாகவும் சரித்து உடைக்க வேண்டும். லாஞ்சில் கற்றுக்கொண்ட பாடம் இது, கழுத்தைக் கொடுத்துக் கற்றது, ஒழுங்காகச் செய்யுங்கள் என்று மேஸ்திரியை விரட்டினார். நடுச்சுவரில் நாங்கள் போட்ட பழைய ஓட்டையையும் அடைத்தாயிற்று. மதுரை மெக்கானிக்கை வரவழைத்துப் பெட்டியைச் சரிபார்த்து, தேக்குச் சட்டம் அடித்து ஏற்றி, பின்பக்கம் வளவைப் பார்த்துக் கம்பிவலை போட்டோம். சுவிட்சைப் போட்டதும் லாரி கிளம்புகிற மாதிரி உறுமிக்கொண்டு ஓடியது. கொஞ்ச நேரத்தில் அவர் நெற்றி என் கைக்குச் சில்லென்றிருந்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து வாய்விட்டு அழுதேன். என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் அழுவதற்கு.

பெரிய அயித்தை எதிர்த் தாழ்வாரத்தில் இரண்டு வாரம்கூட இருந்திருக்க மாட்டார். ஒருநாள் பார்த்தால் பாயோடு பழைய தூணடிக்கே வந்துவிட்டார். வெக்கை நேரே அடிக்காதபடி கொஞ்சம் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். அங்குட்டுக் கொசு என்றார். அந்த வெயிலில் ஏது கொசு?

வந்தது மட்டுமல்ல, நாள் முழுக்க அந்தப் பெட்டியைத் திட்டிக்கொண்டே இருப்பார். இது என்ன காற்றா, சுடுகாட்டுப் புகையா என்பார். திட்டிக்கொண்டே மோர்மிளகாயைக் கொண்டுவந்து கம்பிவலைக்கு எதிரே பரப்புவார், வெயிலைவிடச் சீக்கிரம் காய்கிறதாம். துவைத்த சேலையையும் அங்கேதான் கொடி கட்டிப் போட்டார். பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீரை முதலில் தீட்டு மாதிரி ஒதுக்கினார், பிறகு அதற்கென்று ஒரு பித்தளைச் சட்டியை வைத்துப் பிடித்து முற்றத்துத் துளசிக்கு ஊற்றினார். உள்ளேயிருந்து இவர், பெரியாத்தா, என் சூட்டுல வத்தல் போட்டுத் திங்கிறீக, அதுல எனக்குப் பங்கு எங்கே என்று கேட்பார். நாலு மிளகாய் வறுத்துப் பெரிய அயித்தையே எடுத்து வருவார். இருவரும் சிரிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் அடுப்படியில் நிற்பேன். அந்த வீட்டில் எனக்குச் சந்தோஷம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

ஊரில் குளிர் அறை வந்த சேதி பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நோயாளியை விசாரிக்க என்று சொல்லிக்கொண்டு வருவார்கள், வந்தால் எழுந்திருக்க மாட்டார்கள். நாச்சியாபுரத்திலிருந்து என் பிறந்த வீட்டு ஆட்களே வேன் பிடித்து வந்து அந்தச் சின்ன அறையில் அடைந்துகொண்டு, ஊட்டி மாதிரி இருக்கிறது என்றார்கள். வந்தவர்களை வாருங்கள் என்று கூப்பிட்டு உட்கார வைக்காவிட்டால் எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. என்னால் ஒருவரையும் போகச் சொல்ல முடியவில்லை. பெரிய அயித்தைக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. கதவச் சாத்துங்க, குளுரு போகுது என்று தூணடியிலிருந்தபடியே விரட்டுவார். பார்த்தது போதும், வெளியே வாங்க, காப்பி ஆறுது என்பார். நான் காப்பியே போட்டிருக்க மாட்டேன்.

எனக்குப் பகலில் அசதி கண்ணை அழுத்தும். இரவெல்லாம் அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் பகலில் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையிலேயே தூங்கிப் போய்விடுவேன். பெட்டியின் உறுமல் பழகிப் போய், அது நின்றால்கூட எனக்கு விழிப்பு வராது. வெளியே பெரிய அயித்தைக்குத் தெரிந்துவிடும். முகத்தில் படுகிற வெக்கை நின்ற அந்த நொடியே சுவரைத் தட்டிக் கூப்பிடுவார்.

“ஏத்தா, கரண்டு போச்சா?”

நான் துள்ளி எழுந்து, ஆமாம் அயித்தை என்று சொல்லிக்கொண்டே ஈரத் துணிக்கு ஓடுவேன். அவர் அதற்குள் செம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்பார். எங்கள் ஊரில் கரண்டு போவதற்குக் கணக்கு வழக்கு கிடையாது. எத்தனை தடவை அந்தக் குரல் இவரைக் காப்பாற்றியது என்று சொல்ல முடியாது. கோடை நாட்களில் பெரிய அயித்தை மதியம் கண் அயர்வதையும் நிறுத்திவிட்டார் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். கேட்டதற்கு, வயசானால் தூக்கம் எங்கே வருகிறது என்றார். முகம் மட்டும் வெக்கை படுகிற பக்கம் கருத்துப் போயிருந்தது.

அப்படி நான்கு கோடைகள் போயின. அத்தனை வெயிலையும் என் கணவர் தாண்டினார். கடைசியில் அவரைக் கொண்டுபோனது வெயில் இல்லை. பனி முடிகிற நேரத்தில் நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்ப வயிற்றில் பலம் வேண்டும், அது அவருக்கு இல்லை. மதுரைக்குக் கொண்டுபோகலாம் என்று டாக்டர் சொன்னபோது அவர் என்னைப் பார்த்த பார்வையில், வேண்டாம் என்பது தெரிந்தது. காய்ச்சல் அனலாகக் கொதித்தது. வெளியில் வெயில் இல்லாதபோதும் பெட்டியை ஓடவிட்டோம். மாசி மாசத்தில் பெட்டி ஓடுவதைப் பார்த்துப் பெரிய அயித்தை அதைத் திட்டுவதை விட்டுவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் அவருக்குக் கஞ்சி கொடுக்கப் போனேன். போதும் என்று தலையை லேசாக ஆட்டினார். வெளியே பெரியாத்தா இருக்காகளா என்று கேட்டார். இருக்கிறார்கள் என்றேன். வெக்கை அடிக்குமே, கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு என்றார். என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது அதுதான். எனக்கென்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று பல வருஷம் அவர்மேல் கோபமாக இருந்தேன். இப்போது அந்தக் கோபம் இல்லை, அந்த வார்த்தைதான் இல்லை.

மூச்சு எப்போது நின்றது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. பெட்டியின் சத்தத்தில் மூச்சுச் சத்தம் கேட்காது. கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைக்கு என் பிடி தெரியாது என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு நெற்றியைத் தொட்டேன். காய்ச்சல் இறங்கிவிட்டதே என்று முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்ததும்தான் புரிந்தது. அழுகை வரவில்லை. எழுந்து வேட்டியைச் சரிசெய்தேன், கண்ணை மூடிவிட்டேன். அறை ஏனோ தாங்க முடியாமல் குளிர்ந்தது. போய்ச் சுவிட்சை அணைத்தேன். நான்கு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பெட்டியை நானாக ஒரு பகல் பொழுதில் நிறுத்தினேன்.

சத்தம் அடங்கியதும் சுவரைத் தட்டுவது கேட்டது.

“ஏத்தா, கரண்டு போச்சா?”

இன்னொரு தடவை தட்டினார், கொஞ்சம் வேகமாக. செம்பில் தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது. ஓடி வருவதற்கு எழுந்துவிட்டார் என்று தெரிந்தது.

“இல்ல அயித்தை. நான்தான் நிறுத்துனேன்” என்றேன்.

அவர் உள்ளே வருவார், கட்டிக்கொண்டு அழுவார் என்று காத்திருந்தேன். வரவில்லை. கடைசியில் நான்தான் வெளியறையைத் தாண்டித் தாழ்வாரத்துக்கு வந்தேன். செம்பு கீழே உருண்டு கிடந்தது, தண்ணீர் அவர் பாயெல்லாம் நனைத்திருந்தது. அவர் வாசலுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து நின்றிருந்தார். இரண்டு உள்ளங்கையையும் அந்தக் கம்பிவலைமேல் விரித்து வைத்திருந்தார். நான் பக்கத்தில் போனதும், என்னைத் திரும்பிப் பார்க்காமலே என் கையை இழுத்து அதன்மேல் வைத்தார்.

“இன்னும் சூடு இருக்குத்தா” என்றார்.

இருந்தது. அது ஆறுகிறவரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். பிறகுதான் ஊருக்குச் சொல்லி அனுப்பினோம்.